மூன்றே கால்

வியாழக்கிழமை பசார் மாலாமில்
ஏழு குஞ்சு, மீ பெட்டியில்.
ஒன்று நாலு வெள்ளி,
ஏழையும் தூக்கினால் இருபத்தைந்து.
மோட்டார் கூடையில் வழி நெடுக
ஒரு சத்தம் இல்லை.
செத்துத் தொலைந்தனவோ என்று
சங்காட் ஜோங் முச்சந்தியில் நிறுத்தித் திறந்தேன்.
பதினாலு கண்ணும் என்னைத்தான் பார்த்தன.

பதினெட்டு வருஷமாய்
செம்பனை ஆலையில் பாய்லர்காரன் நான்.
அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி
சின்னக் குரல் எங்கே இருக்கிறதென்று
தொண்டைக்கே மறந்துவிட்டது.
கடையில் ஒரு பாக்கெட் உப்புக் கேட்டாலும்
சண்டைக்கு வந்தவன் என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.
கூண்டருகே போய் "பா பா" என்றேன்.
ஏழும் மூலைக்கு ஓடி
ஒன்றன்மேல் ஒன்று ஏறி
ஒரே உருண்டையாய் நடுங்கின.

சமையலறையில் இருந்தபடியே ரெஜினா சொன்னாள்:
"அதுங்க ஒண்ணும் செவிடு இல்ல."

தீனியோடு கையை மேலிருந்து இறக்கினேன்.
அதுவும் தப்பு.
மேலிருந்து வருவதெல்லாம் பருந்து,
முட்டைக்குள் இருக்கும்போதே
யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆகவே கவிழ்த்த பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்தேன்.
வாளியும் உயரம்தான் போலிருக்கிறது.
மறுநாள் உரச் சாக்கை விரித்துத் தரையில்,
முட்டி இரண்டும் முனக.
உக்கிய பனங்கட்டையைப் பிளந்து உதறிய கரையான்
உள்ளங்கையில்.
கை மண்ணோடு மண்ணாய்க் கிடந்தது.
வேலை முடிந்து, மூன்றே கால்.
தினமும் அதே நேரம், அதே நீலச் சட்டை.
சட்டை துவைக்கப் போன அன்று
யாரோ அந்நியன் என்று மறுபடி உருண்டையானார்கள்.

பேசிக்கொண்டே இரு, பழகிவிடும் என்றாள் ரெஜினா.
குஞ்சிடம் என்ன பேசுவது?
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், காற்றடிக்கிற மாதிரி மெல்ல:
இன்னைக்கு பிரஷர் பத்தொன்பது.
மூணாம் வால்வு கசியுது.
சாம்பல் அள்ள ஆள் வரல.

ஆறாம் நாள்
கறுப்பு ஒன்று வந்து
என் கட்டைவிரல் நகத்தைக் கொத்திப் பார்த்தது,
பிறகு கரையானை.
அடுத்த வாரம் ஆறு பேர்.
ஒருத்தி தொடைமேல் ஏறித் தூங்கியே போனாள்.
ஒரு மணி நேரம் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருந்தேன்.

மொட்டைக் கழுத்துக்காரி மட்டும்
வரவே இல்லை.
ஒரு முழம் தள்ளி நின்று
எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள்.

அன்று ராத்திரி, "தண்ணி குடு" என்றேன்.
"என்னது?" என்றாள் ரெஜினா.
மறுபடி சொன்னேன்.
காதில் விழவில்லை என்று
எழுந்து பக்கத்தில் வந்தாள்,
நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை லோங்காங்கிலிருந்து உடும்பு ஏறியது.
ஆறு பேரும் என் கையையே பார்த்து நிற்கிறார்கள்,
அதன் நாக்கு இரண்டடியில்.
மொட்டைக் கழுத்துக்காரி கிறீச்சிட்டாள்.
அப்போதுதான் நானும் பார்த்தேன்.
கத்தினேன்.
பாய்லரை, டர்பைனை, பதினெட்டு வருஷத்தைத் தாண்டுகிற
அந்தப் பழைய கத்தல்.
பக்கத்து வீட்டு ரொக்கியா மாச்சிக்
துடைப்பத்தோடு ஓடி வந்தார்.
உடும்பு விழுந்தடித்து லோங்காங்கில் மறைந்தது.
ஏழும் பிழைத்தன.

பிழைத்து, மரவள்ளிப் புதருக்குள் போய்
ஒரே உருண்டை.

இன்று மூன்றே கால்.
சாக்கு. நீலச் சட்டை.
கையிலிருந்து கரையான்கள் மணிக்கட்டுக்கு ஏறிவிட்டன.
புதரில் அசைவில்லை.
மொட்டைக் கழுத்துக்காரி
வழக்கமான அதே ஒரு முழத்தில் நிற்கிறாள்,
கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.
பிரஷர் இருபது, என்கிறேன் அவளிடம்.
வால்வை மாத்தியாச்சு.